பித்தளைத் தகட்டில் ஒரு பேர்

முழங்கால் வரைக்கும் சேற்றில் இறங்கி, இடது காலைப் பிடுங்கி எடுத்தார் வக்கீல் காளிமுத்து. கால் வந்தது. ஷூ வரவில்லை.

அதைத் தேடக் குனியலாமா என்று அவர் யோசிப்பதற்குள் மருதாயி இருபதடி முன்னால் போய்விட்டாள். தலையில் உரச் சாக்கில் சுற்றிய ஒரு கட்டு. ஒரு கை அதைப் பிடித்துக்கொண்டிருக்க, இன்னொரு கை சரிவில் நீட்டிக்கொண்டிருந்த வேர்களை ஒவ்வொன்றாகப் பற்றிப் போனது. சிலோனில் கொழுந்துக் கூடையோடு மலை ஏறி இறங்கிய கால்கள் அவை. ஒரு தரம்கூட வழுக்கவில்லை.

குன்னூர் மலையில், காட்டேரி ஊருக்குக் கீழே பர்லியாறு போகும் சாலையில் கால் மைல் நீளத்துக்கு மலை இறங்கி உட்கார்ந்திருந்தது. பஸ் இல்லை, ரயில் தண்டவாளம் அந்தரத்தில் தொங்குகிறது என்று பேச்சு. சரிவுக்கு மேலே நின்ற ரோட்டு ஆட்கள், இன்னும் மண் வரும், திரும்பிப் போய்விடுங்கள் என்று கத்திக்கொண்டிருந்தார்கள். காளிமுத்து திரும்பத் தயார்தான்.

"ஏனுங்கம்மா, அவங்க சொல்றதும் நாயந்தானுங்க. உசுரு இருந்தாத்தானே கேசு?"

மருதாயி நிற்காமல் பதில் சொன்னாள். "நாளைக்கு அஞ்சு மணியோட எல்லாம் முடிஞ்சிடும்னு சொன்னது நீங்கதானே ஐயா."

அவர்தான் சொன்னார். மறுநாள் மாலை ஐந்து மணிக்குள் அந்தச் சாக்குக் கட்டில் இருக்கும் ஆட்சேபணை மனு சென்னையில் பேட்டன்ட் ஆபீஸ் மேஜைக்குப் போய்ச் சேர வேண்டும். சேராவிட்டால் இத்தலார் பக்கத்து டீ ஃபேக்டரி முதலாளி பொன்ராஜ், ஒரு மெஷினைக் கண்டுபிடித்த மேதை என்று சர்க்கார் முத்திரை குத்திக் கொடுத்துவிடும். அந்த மெஷினைச் செய்தவன் காத்தமுத்து. மருதாயியின் புருஷன். செத்து ஒரு வருஷம் ஆகிறது.

மறுபக்கத்தில், மண் சரிவதற்குச் சற்று முன்னால் தப்பி இறங்கிய முட்டைக்கோஸ் லாரி ஒன்று கிளம்பிக்கொண்டிருந்தது. மருதாயி அதன் குறுக்கே போய் நின்றாள். டிரைவர் அவளையும், பின்னால் ஒற்றை ஷூவோடு நொண்டி வந்த கறுப்புக் கோட்டையும் பார்த்துவிட்டு, எதுவும் கேட்காமல் கதவைத் திறந்துவிட்டார்.

முட்டைக்கோஸ் மூட்டைக்கும் கியர் கம்பிக்கும் நடுவில் நசுங்கியபடி, காளிமுத்து கடைசியாக ஒரு தரம் கேட்டுப் பார்த்தார். எதற்கு இவ்வளவு பாடு? பொன்ராஜ் ஆள் அனுப்பியிருக்கிறான். ஃபேக்டரியில் நிரந்தர வேலை, குடியிருக்க வீடு, காத்தமுத்து படத்தை ஆபீசில் மாட்டி மாலை போடுவதாகக்கூடச் சொல்லியிருக்கிறான். வாங்கிக்கொண்டு போனால் என்ன?

"எம் புருஷன் பேரு அந்த மெஷின்ல இல்லாமப் போனாலும் போகட்டும் ஐயா," என்றாள் மருதாயி. "அவன் பேரு நிக்கக் கூடாது."

மேட்டுப்பாளையம் ஸ்டேஷன் வாசலில் இறங்கியதும் ஒரே ஒரு கேள்வி கேட்டாள். "கோச்சி எத்தனை மணிக்கு?" ரயிலுக்குச் சிலோன் தோட்டத்துப் பேர் அது.

* * *

எழுபத்து மூன்றில் இராமேஸ்வரத்தில் கப்பல் இறங்கி, மண்டபம் முகாமில் பேர் பதிந்து, நீலகிரிக்கு அனுப்பப்பட்ட கூட்டத்தில் காத்தமுத்துவும் மருதாயியும் இருந்தார்கள். அப்புத்தளைப் பக்கத்து எஸ்டேட் ஃபேக்டரியில் பதினைந்து வருஷம் ஃபிட்டராக இருந்தவன் அவன். பொன்ராஜ் அவனை அரைச் சம்பளத்துக்கு எடுத்துக்கொண்டான். மருதாயிக்கு அதே ஃபேக்டரியில் குச்சி பொறுக்கும் வேலை.

டீத்தூள் காய்ந்து வரும்போது அதோடு செம்பழுப்பு நிறத்தில் குச்சியும் நாரும் கலந்து வரும். அதை எடுக்காவிட்டால் ஏலத்தில் விலை போகாது. எடுக்க ஒரு மெஷின் உண்டு. பிளாஸ்டிக் உருளையைக் கம்பளித் துணியில் உரசவிட்டால், தலைவாரிய சீப்பு காகிதத் துணுக்கை இழுப்பதுபோல உருளை நாரை இழுத்துக்கொள்ளும். கல்கத்தாவில் அருமையாக வேலை செய்யும். நீலகிரி மூட்டத்தில் செய்யாது. காற்றில் ஈரம் ஏறியதும் உருளை செத்துப்போகும். ஜூன் மாதம் பிறந்தால் மெஷினுக்குச் சாக்கைப் போட்டு மூடிவிட்டு, இருபது பெண்களை வரிசையாக உட்காரவைத்துக் கையால் பொறுக்கச் சொல்வார்கள். ஒரு மழைக்காலம் முழுக்கப் பொறுக்கினதில் மருதாயிக்குக் கண்ணில் நீர் வடிய ஆரம்பித்தது.

காத்தமுத்து அதைப் பார்த்தான். டிரையரிலிருந்து வெளியே போய் வீணாகும் சூட்டை ஒரு தகரக் குழாயில் பிடித்தான். உருளைகளைக் குழாய் மாதிரி குடைந்து, அந்தச் சூட்டை உள்ளே ஓடவிட்டான். மேலே ஒரு மூடி. அவ்வளவுதான். ஆடி மாத மழையில், எதிரில் நிற்கிற ஆள் தெரியாத மூட்டத்தில், உருளை நாரை வாரி வாரி இழுத்தது.

இதில் காத்தமுத்து செய்த தப்பு ஒன்றுதான். சிலோன் ஃபிட்டர்கள் படம் காகிதத்தில் போடமாட்டார்கள். ஃபேக்டரித் தரையைத் துடைத்துவிட்டு, செய்யப்போகிற சாமான் என்ன அளவோ அதே அளவில் சாக்பீஸால் தரையில் வரைவார்கள். இரும்பை அந்தக் கோட்டின் மேலேயே வைத்துப் பார்த்து வெட்டுவார்கள். வேலை முடிந்ததும் ஒரு வாளித் தண்ணீர். காத்தமுத்து வரைந்த அன்று பொன்ராஜ் கோயமுத்தூரிலிருந்து படம் போடுகிற ஆள் ஒருவனைக் கூட்டிவந்து, தரையில் இருந்ததையெல்லாம் காகிதத்தில் இறக்கிக்கொண்டான். அப்புறம் தண்ணீர் ஊற்றிக் கழுவச் சொன்னதும் அவன்தான்.

அந்த மழையிலேயே காத்தமுத்துவுக்கு மார்ச்சளி கண்டது. இரண்டு நாள் லீவு கேட்டான். மெஷின் ஓட்டம் பார்க்க வெளியூர் முதலாளிகள் வருகிறார்கள், முடியாது என்றான் பொன்ராஜ். மூன்றாம் நாள் டிரையர் பக்கத்திலேயே விழுந்தவன் எழவில்லை. முப்பதாம் நாள் முடிவதற்குள் மருதாயியை ஃபேக்டரி லயத்து வீட்டிலிருந்து காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. குச்சி பொறுக்குகிற வேலையும் போயிற்று. பொறுக்கத்தான் மெஷின் இருக்கிறதே.

சிலோனிலிருந்து வந்தவர்கள் குடியிருந்த காலனியில் ஒரு தகரக் கொட்டகையில் இருந்துகொண்டு, இத்தலாரில் கேரட் கழுவப் போனாள். எட்டு மாதம் கழித்து, புருஷனுடைய ஸ்பேனர் பெட்டியைக் கேட்டு வாங்க ஃபேக்டரிக்குப் போனபோதுதான் அதைப் பார்த்தாள். மெஷினின் நெற்றியில் பளபளவென்று ஒரு பித்தளைத் தகடு. பேட்டன்ட் மனு எண், அதன் கீழே கண்டுபிடித்தவர் பெயர்: பொன்ராஜ்.

அவள் அதைப் படித்துக்கொண்டிருந்தபோது பொன்ராஜே பின்னால் வந்து நின்றானாம். கோபப்படவில்லை. சிரித்தபடி சொன்னானாம்: "உம் புருஷனுக்குக் கை இருந்துச்சு மருதாயி. எனக்கு மூளை இருந்துச்சு. சர்க்கார் மூளைக்குத்தான் பட்டம் குடுக்கும்."

ஸ்பேனர் பெட்டியை அவன் கொடுக்கவில்லை. நல்ல இரும்பு என்றான்.

* * *

காளிமுத்து அதுவரைக்கும் பாகப் பிரிவினைக்கும், பச்சைத் தேயிலைத் திருட்டுக்கும், பேருந்து நிலையத்துக் கைகலப்புக்கும்தான் ஆஜரானவர். பேட்டன்ட் என்ற வார்த்தையைத் தலைவலித் தைல டப்பாவில் மட்டும் பார்த்திருந்தார். கோயமுத்தூர் போய்ச் சட்டப் புத்தகத்தை இரவல் வாங்கிவந்து, குன்னூர் ஆபீசில் டைப்பிஸ்ட் பிலோமி கேலி செய்யச் செய்ய, வரி வரியாகப் படித்தார். படித்ததை மருதாயிக்கு எடுத்துச் சொன்னார்.

பேட்டன்ட் என்பது சர்க்கார் பேசுகிற ஒரு பேரம். நீ புதிதாக ஒன்று கண்டுபிடித்தாயா? சூட்சுமத்தை மறைக்காமல் எழுதிக் கொடு. பதினாலு வருஷத்துக்கு உன்னைத் தவிர வேறு எவனும் அதைச் செய்யவோ விற்கவோ கூடாது என்று நான் காவல் நிற்கிறேன். அதற்கப்புறம் அது ஊருக்குப் பொது. ஆனால் முத்திரை போடுவதற்கு முன்னால் கெஜட்டில் போட்டு, யாருக்காவது ஆட்சேபணை உண்டா என்று நாலு மாதம் சர்க்கார் காத்திருக்கும். மனு போட்டவன் இன்னொருத்தனிடமிருந்து களவாடினான் என்று நிரூபித்தால் மனு செத்தது. சில சமயம் பேட்டன்ட் களவு கொடுத்தவன் பேருக்கே மாறும்.

"அப்ப அவரு பேருக்கு வருமா?" என்று அவள் கேட்டாள்.

வரலாம் என்றார். ஆனால் சாட்சி வேண்டும். சாக்பீஸ் கோட்டைக் கழுவியாகிவிட்டது. பார்த்தவர்கள் அத்தனை பேரும் பொன்ராஜிடம் கூலி வாங்குகிறவர்கள். அப்புறம் இன்னொரு வில்லங்கமும் இருக்கிறது என்று பக்கத்தைப் புரட்டினார். கண்டுபிடித்தவன் என்றால் யார் என்று சட்டமே சொல்லியிருக்கிறது. வெளிநாட்டில் இருந்த ஒன்றை முதல்முதலாக இங்கே கொண்டுவந்தவன் கண்டுபிடித்தவன் ஆகமாட்டான். வெளிநாட்டுச் சங்கதியைப் பிறர் சொல்லிக் கேட்டுக்கொண்டவனும் ஆகமாட்டான். காத்தமுத்து இதைச் சிலோன் ஃபேக்டரியில் பார்த்துவிட்டு வந்து இங்கே செய்திருந்தால், அவனுக்கு உரிமையில்லை. அதனால் இப்போதே உள்ளதைச் சொல்லிவிட வேண்டும் என்று கேட்டார்.

மருதாயி புத்தகத்தைக் கையால் காட்டினாள். "அந்த இடத்தை இன்னொருக்கா படிங்க ஐயா," என்றாள்.

படித்தார். அதற்குள் டீ வந்தது. கேள்வியை மறுபடி கேட்க அவர் மறந்துபோனார்.

* * *

மண்சரிவைத் தாண்டிப்போன அந்த மனு, கெடு முடிய ஒரு மணி நேரம் இருக்கையில் சென்னையில் பதிவானது. ஒற்றை ஷூவோடு வந்த வக்கீலை அந்த ஆபீஸ் சிப்பந்திகள் வெகுநாள் மறக்கவில்லை.

ஆனால் பதிவான பிறகு நடந்ததெல்லாம் சறுக்கல்தான். காளிமுத்து இத்தலாருக்கும் காலனிக்கும் நடையாய் நடந்தார். டிரையர்காரன் முனியசாமி, காத்தமுத்து தரையில் வரைந்ததைத் தன் கண்ணால் பார்த்தவன். கையெழுத்துப் போடுகிறேன் என்று சொன்ன மறுநாளே, அவன் மகனுக்கு ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அதற்கப்புறம் முனியசாமிக்குத் தரையில் வரைந்ததும் ஞாபகமில்லை, காத்தமுத்துவின் முகமும் சரியாக ஞாபகமில்லை. பொன்ராஜ் சார்பில் சென்னையிலிருந்து பெரிய பேட்டன்ட் ஏஜென்ட் ஒருவர் ஆஜராகப் போவதாகச் செய்தி வந்தது. அவர்கள் போட்ட பதிலில் ஒரே வரிதான்: காத்தமுத்து வெறும் கூலியாள், முதலாளி சொன்னதைச் செய்தவன்.

விசாரணைக்கு இரண்டு மாதம் இருக்கும்போது மருதாயி குன்னூருக்கு வந்தாள். மடியிலிருந்து ஒரு கடுதாசியை எடுத்து மேஜைமேல் வைத்தாள். நீல நிறத்துச் சிலோன் கடுதாசி. அப்புத்தளை ஃபேக்டரியில் காத்தமுத்துவோடு வேலை பார்த்த அழகையா என்பவர் எழுதியிருந்தார். நலம் விசாரித்த பிறகு இப்படிப் போயிற்று: 'டிரையர் சூட்டில் ஓடும் நம்ம நார் மெஷினைப் போன மாதம் கழற்றிப் போட்டுவிட்டார்கள். காத்தமுத்து எண்ணெய் போட்டு வளர்த்த மெஷின். அவன் அதே மாதிரி அங்கே ஒன்று செய்து ஓட்டியதாகக் கேள்விப்பட்டேன். சந்தோஷம்.'

காளிமுத்து படித்ததை மறுபடி படித்தார். எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். இந்தக் காகிதம் வெளியே வந்தால் காத்தமுத்து கண்டுபிடித்தவனே இல்லை என்று ஆகிவிடும் என்றார். அடுப்பில் போடச் சொன்னார். அவள் தலையை ஆட்டிவிட்டு, மடித்து மடியில் செருகிக்கொண்டு போனாள்.

பத்து நாளில் திரும்பி வந்தாள். கடுதாசி பெட்டியில் இல்லையாம்.

"அடுப்புல போடச் சொன்னேனுங்களே."

"அவரு சிநேகிதக்காரர் கடுதாசின்னு வச்சிருந்தேன் ஐயா."

"யாருக்காச்சும் சொன்னீங்களா?"

பக்கத்துக் கொட்டகை ராக்கம்மாவுக்குச் சொன்னாளாம். பேச்சுவாக்கில். ராக்கம்மா பொன்ராஜின் ஆபீசைப் பெருக்குகிறவள் என்பது காலனியில் குழந்தைக்குக்கூடத் தெரியும். காளிமுத்து தன் வாழ்நாளில் எந்தக் கட்சிக்காரரையும் அப்படித் திட்டியதில்லை. ஷூவைச் சேற்றில் விட்டதற்குப் பதில் கேசையே அங்கே விட்டிருக்கலாம் என்றார். பிலோமி டைப் அடிப்பதை நிறுத்திவிட்டு, பாவம் விடுங்கள் சார் என்றாள். மருதாயி எல்லாவற்றையும் நின்றபடி கேட்டுக்கொண்டாள். விசாரணைத் தேதி மாறாதே என்று மட்டும் விசாரித்துவிட்டுக் கிளம்பினாள்.

* * *

சென்னையில் அந்த விசாரணை அறை சின்னது. மேலே ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் கண்ணாடி போட்ட ஒல்லியான அதிகாரி. பொன்ராஜ் சில்க் ஜிப்பாவில் வந்திருந்தான். பக்கத்தில் அவனுடைய ஏஜென்ட், வழவழவென்று சீவிய தலை, வார் போட்ட ஃபைல். காளிமுத்துவின் ஃபைலில் ஒரு சாட்சிகூட இல்லை. பொன்ராஜின் ஜிப்பாப் பையில் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியும். அதை எந்த நேரத்தில் எடுப்பான் என்பதுதான் தெரியவில்லை.

ஏஜென்ட் அழகாகப் பேசினார். மெஷின் முழுக்கத் தன் கட்சிக்காரரின் சிந்தனை. இறந்துபோன காத்தமுத்து ஒரு கூலி ஃபிட்டர், சுத்தியல் பிடித்த கை, அவ்வளவே. எதிர்த்தரப்பில் ஒரு துண்டுக் காகிதமாவது உண்டா?

இல்லை. காளிமுத்து அரை மணி நேரம் பேசி, பேசியதில் ஒன்றுமில்லை என்று தனக்கே தெரிந்து உட்கார்ந்தார். அதிகாரி மருதாயியைப் பார்த்து, நீங்கள் ஏதாவது சொல்ல வேண்டுமா என்று கேட்டார்.

அவள் எழுந்தாள். அதிகாரியைப் பார்க்கவில்லை, பொன்ராஜைப் பார்த்தாள்.

"இந்த முதலாளிக்கு ஒரு போல்ட்டு எந்தப் பக்கம் திருகினா இறங்கும்னு தெரியாதுங்க. கேட்டுப் பாருங்க. இவரு டிரையர் பக்கம் வந்தாருன்னா மூக்கைப் பொத்திக்கிட்டு வருவாரு. எங்க ஆளுங்க முதுகுக்குப் பின்னால இவருக்கு வச்ச பேரு பொத்தல் வாளி. எதை ஊத்துனாலும் நிக்காது. எம் புருஷன் மூளையில வந்ததை நாலு தரம் சொல்லிக் குடுத்தும் இவருக்கு விளங்கல. கடைசியில தரையில படம் போட்டுக் காட்டினாரு, சின்னப் புள்ளைக்குக் காட்டுற மாதிரி."

மேஜையோரம் குறிப்பெழுதிய குமாஸ்தா குனிந்து சிரிப்பை அடக்கினார். பொன்ராஜின் கழுத்து சிவந்தது. ஏஜென்ட் அவன் முழங்கையைத் தொட்டார். அதைத் தட்டிவிட்டு அவன் எழுந்தான்.

"உம் புருஷன் மூளையா? அந்த அகதிப் பயலுக்கு மூளை எங்கடி இருந்துச்சு? இவனுங்களுக்குத் தெரிஞ்சதெல்லாம் வெள்ளைக்காரன் சிலோன்ல பழக்கிவிட்டதுதாங்க. இந்த மெஷின் அப்புத்தளை ஃபேக்டரியில இருந்ததுங்க. அதைப் பாத்துட்டு வந்து என்கிட்ட ஒப்பிச்சான். கண்டுபிடிச்சானாம். இந்தாங்க லெட்டர். அங்க இருந்தே வந்தது."

நீலக் காகிதம் மேஜையில் விழுந்தது. காளிமுத்து கண்ணை மூடிக்கொண்டார். போயிற்று.

காளிமுத்து கண்ணைத் திறந்தபோது, எதிரே ஏஜென்டும் கண்ணை மூடியிருப்பதைப் பார்த்தார். அந்த மனிதரின் முகத்தில் சொட்டு ரத்தமில்லை. அந்த லெட்டரைப் பற்றி அவருக்கு யாருமே சொல்லியிருக்கவில்லை. கடைசி நேரத்தில் தானே எடுத்து வீசி, எல்லோரையும் வாய்பிளக்க வைக்க வேண்டுமென்று பொன்ராஜ் பொத்தி வைத்திருந்தான். அப்போதுதான் காளிமுத்துவுக்கு மண்டையில் விளக்கெரிந்தது.

அதிகாரி கடுதாசியை நிதானமாகப் படித்தார். குமாஸ்தாவிடம் எழுதிக்கொள்ளச் சொல்லிவிட்டு, பொன்ராஜைச் சத்தியப் பிரமாணம் எடுக்கச் சொன்னார். எடுத்தான்.

"இந்த மெஷின் வெளிநாட்டில் இருந்தது. அப்படித்தானே?"

"ஆமாங்க."

"காத்தமுத்து சொல்லித்தான் உங்களுக்குத் தெரியும்?"

"ஆமாங்க. அவன் சொல்லித்தான்..."

ஏஜென்ட் அவன் ஜிப்பாவைப் பிடித்து இழுத்தார். நேரம் கடந்துவிட்டது. வாயிலிருந்து விழுந்ததைக் குமாஸ்தா எழுதிவிட்டார். மெஷின் அக்கரையிலிருந்து வந்ததென்றால், கொண்டுவந்த காத்தமுத்து கண்டுபிடித்தவன் இல்லை. அவன் சொல்லிக் கேட்டுக்கொண்ட பொன்ராஜும் இல்லை. 'நானே சிந்தித்தேன்' என்று மனுவில் சத்தியம் பண்ணியதும் பொய். மூன்றையும் அவனே தன் வாயால், சத்தியம் செய்து சொல்லியிருக்கிறான்.

அதிகாரி மருதாயியின் பக்கம் திரும்பினார். இந்தக் கடிதம் உங்களுடையதா என்று கேட்டார்.

"எங்க ஊட்டுப் பெட்டியில இருந்தது சார். இவரு கைக்கு எப்படிப் போச்சுன்னு அவரையே கேளுங்க."

"இதில் உள்ளபடி அந்த மெஷின் அங்கே இருந்ததா?"

"அதான் முதலாளியே சத்தியம் பண்ணிச் சொல்றாரே. பெரிய மனுசர் சொல்லுக்கு மேல நான் என்ன சார் சொல்ல?"

பொன்ராஜ் தன் ஏஜென்டைப் பார்த்தான். ஏஜென்ட் ஃபைலுக்கு வார் போட்டுக்கொண்டிருந்தார்.

* * *

ஆறு வாரத்தில் உத்தரவு தபாலில் வந்தது. மனு தள்ளுபடி. பொன்ராஜ் கண்டுபிடித்தவர் அல்ல.

அதற்குள்ளேயே செய்தி மலை முழுக்கப் பரவியிருந்தது. பேட்டன்ட் வரும் என்று நம்பிப் பன்னிரண்டு ஃபேக்டரிக்காரர்கள் பொன்ராஜோடு ஒப்பந்தம் போட்டிருந்தார்கள். பன்னிரண்டு பேரும் அதைக் கிழித்து அவன் மேஜையில் போட்டார்கள். சோலூரில் ஒருவர் அவன் கண்ணெதிரிலேயே அதே மெஷினைச் செய்து ஓட்டி, பார்க்க வா என்று பத்திரிகை வேறு அடித்து அனுப்பினார். தடுக்க அவனிடம் ஒரு காகிதமும் இல்லை. தோட்ட முதலாளிகள் சங்கத்தில் அவன் உள்ளே நுழைந்தால், யாராவது ஒருவர் மெதுவாக வாளி என்பார். அப்புறம் அவன் போவதை நிறுத்திவிட்டான். பித்தளைத் தகட்டை மெஷினிலிருந்து கழற்றிய அன்று, கழற்றியவன் முனியசாமிதானாம். அவசரமே இல்லாமல், ஒவ்வொரு திருகாக, எல்லோரும் பார்க்கக் கழற்றினானாம்.

இதையெல்லாம் காளிமுத்து குன்னூர் ஆபீசில் மருதாயிக்குச் சொன்னார். அவள் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, ஒன்று விடாமல் கேட்டாள். தகடு கழற்றிய கதையை மட்டும் இரண்டு தரம் சொல்லச் சொன்னாள். பொன்ராஜ் அப்போது எங்கே நின்றான், முகம் எப்படி இருந்தது என்றெல்லாம் விசாரித்தாள். அவர் தெரிந்ததைச் சொன்னார். தெரியாததைக் கொஞ்சம் சேர்த்தும் சொன்னார்.

பிறகு உத்தரவை மறுபடி எடுத்தார். மனசுக்குள் ஒரு முள் இருந்தது. அதில் ஒரு பத்தி காத்தமுத்துவைப் பற்றி. வெளிநாட்டில் இருந்த இயந்திரத்தை இங்கே கொண்டுவந்து சொன்னவர் மட்டுமே என்று அச்சில் இருக்கிறது. இனி எந்தக் காலத்திலும் அந்த மெஷினில் காத்தமுத்து பேரைப் போட முடியாது.

"ஜெயிச்சோமுங்க. ஆனாலும் எனக்குத் திருப்தியில்ல," என்றார். "அந்தக் கடுதாசி மட்டும் வராம இருந்திருந்தா, என்னைக்காவது ஒரு சாட்சியப் புடிச்சு அவரு பேருக்கே வாங்கியிருப்பேன். போகட்டும். அந்த அழகையாவுக்கு ஒரு லெட்டர் போடலாம்னு இருக்கறனுங்க. சிலோன்ல இருந்த அந்த மெஷினை யார் செஞ்சதுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். விலாசம் குடுங்க."

மருதாயி எழுந்து முந்தானையை இழுத்துச் செருகினாள். இத்தலார் பஸ்ஸுக்கு நேரமாகியிருந்தது. வாசல்படி வரைக்கும் போனவள், அங்கிருந்து அவரைப் பார்த்துச் சொன்னாள்.

"அழகையா அண்ணன் நாங்க கப்பல் ஏறுறதுக்கு ரெண்டு வருசம் முன்னமே செத்துப்போச்சு ஐயா. அங்கயிருந்து கொண்டாந்த நீலத் தாள்ல அந்தக் கடுதாசிய எழுதினது நான். அப்புத்தளை ஃபேக்டரியில அப்படி ஒரு மெஷின் எந்தக் காலத்துலயும் இருந்ததில்ல."